இரண்டு விரல் பெட்ரோல்

மார்ச் 6, புதன்

வண்டியின் மறுபாதிக்கு உரியவருக்கு,

வண்டியை உங்களிடம் விடுவதற்கு முன் இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறகு "ஒரு வார்த்தை சொல்லலையே" என்று மெக்கானிக்கிடம் குறைபட வேண்டாம்.

காலையில் நாற்பது செடித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினேன். பாதி ஏற்றத்தில் வண்டி மூன்று முறை இருமிவிட்டு நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்தேன். பின்னால் வரிசையாக ஹாரன். ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, செடிக்கு ஊத்துற தண்ணியவே வண்டிக்கும் ஊத்துறீங்களா?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

மெக்கானிக் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். பெட்ரோல் பில்டரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தவர், "அக்கா, இது பில்டரா, டீ வடிகட்டியா?" என்றார். அவ்வளவு கசடு. புதிது மாற்றியாகிவிட்டது. பணம் நான் கொடுத்தேன். பில் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. உங்கள் பாதியை வைத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பின்தட்டில் நீங்கள் விட்டுப்போன கண்ணாடிச் சில்லு என் எரு மூட்டை இரண்டைக் கிழித்துவிட்டது. கூட்டிவிட்டுத் தாருங்கள். அப்புறம், நீங்கள் மிச்சம் வைத்த பெட்ரோலில் வண்டி ஒர்க்ஷாப் சுவரிலிருந்து பங்க் வரை வந்ததே பெரிய காரியம். கேஜ் முள் வழக்கம்போல் பாதியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விவரம் தெரியாத யாராவது அதை நம்பி ஓட்டினால் நடுத்தெருவில்தான் நிற்பார்கள்.

போன கடிதத்தின் கடைசியில் என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் பழைய கதை வந்துவிடுகிறது என்றுதான் நம் மகள் குட்டி இந்த ஏற்பாட்டைச் செய்தாள். திங்கள் முதல் புதன் வரை வண்டி எனக்கு, வியாழன் முதல் சனி வரை உங்களுக்கு. மாற்றிக்கொள்வது ஒர்க்ஷாப் சுவரோரம். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வண்டியில் வைக்க வேண்டும், வண்டியைப் பற்றி மட்டும். அதனால் முழங்காலைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

பரவாயில்லை.

இப்படிக்கு,
செடிக்காரி


மார்ச் 9, சனி

செடிக்கார அம்மாவுக்கு,

வணக்கம். பில்டரில் என் பாதி இந்தக் கவருக்குள் இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள். எண்ணாமல் விடமாட்டாய் என்று தெரியும்.

முழங்கால் பரவாயில்லை என்பதில் சந்தோஷம். விதியை மீறியதற்கு மன்னிக்கவும். ஆனால் க்ளட்ச் மிதிக்கிற கால் அது. அந்தக் கணக்கில் முழங்காலும் வண்டி விஷயம்தான்.

உன் புது பில்டர் ஒரு நாள்தான் தாங்கியது. நேற்று ஒரு சலூனுக்கு ஆளுயரக் கண்ணாடி நான்கு கொண்டுபோனேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறேன். பின்னால் பைக்கில் நின்ற பையன் ஒருவன், சட்டத்தில் சாய்ந்திருந்த கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டே, "அவசரமில்லண்ணே, மெதுவா எடுங்க" என்றான். கண்ணாடி சலூனுக்குப் போகும் முன்பே முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

"இன்ஜெக்டர்தான்ண்ணே அடைச்சிருக்கு. நாலையும் கழட்டி க்ளீன் பண்ணணும்."

"போன தடவை பில்டர்னு சொன்னியேப்பா?"

"போன தடவை பில்டர்தான். இந்தத் தடவை இன்ஜெக்டர்."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவையைப் பத்தி இப்பவே எதுக்குண்ணே பேசணும்?"

நான்கையும் சுத்தம் செய்தாகிவிட்டது. பில் இத்துடன். உன் பாதியை வை.

கண்ணாடிச் சில்லு எல்லாம் கூட்டிவிட்டேன். ஆனால் நீ விடுகிற மண்ணைப் பற்றியும் கொஞ்சம் யோசி. பின்தட்டில் ஒரு சின்னக் கல் கிடந்தால் போதும், ஆளுயரக் கண்ணாடி கீறிப்போகும். ஒன்று கீறிப்போயும் விட்டது. சலூன்காரர் அதை மூலையில் மாட்டிக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். விலையையும் பெருந்தன்மையாகக் குறைத்தார். பின்தட்டின் ஓரத்தில் உன் மண்ணில் ஒரு செடியே முளைத்திருந்தது. பிடுங்கிப் போட மனம் வரவில்லை. பேப்பர் கப்பில் வைத்து டேஷ்போர்டு மேல் நிறுத்தியிருக்கிறேன். என்ன செடி என்று எனக்குத் தெரியாது.

பெட்ரோல் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். வியாழக்கிழமை காலை நான் மூடியைத் திறந்தபோது டேங்க்கில் வாசனை இருந்தது. பெட்ரோல் இல்லை.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரன்


மார்ச் 13, புதன்

கண்ணாடிக்காரருக்கு,

அந்த அடுத்த தடவை வந்துவிட்டது.

நேற்று காலை சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. வழக்கமாகச் சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் அடியிலிருந்து ஒரு ரீங்காரம் வருமே, அது வரவில்லை. மெக்கானிக் வந்து பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். என்னைச் சாவி போடச் சொன்னார். போட்டேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"பம்ப் போயிடுச்சுக்கா."

பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுகிற பம்ப். அது டேங்க்குக்குள்ளேயே இருக்கிறதாம். டேங்க்கை இறக்கித்தான் மாற்ற முடியும். டேங்க்கை வெளியிலிருந்து சுத்தியலால் தட்டிக் காண்பித்தார். உள்ளே துரு உதிர்கிற சத்தம் எனக்கே கேட்டது. பம்ப் மாற்றினால் டேங்க்கும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது பம்ப்பும் இதே துருவைக் குடித்துச் சாகும் என்கிறார். குழாய்களும் சேர்த்து எல்லாம் முப்பத்தெட்டாயிரம் ஆகும்.

"வண்டியே அந்த விலைக்குத்தானேப்பா போகும்?" என்று கேட்டேன்.

"சேச்சே, எழுபது வரைக்கும் போகும்க்கா."

"நிஜமாவா?"

"ஓடினா."

இதை எல்லாம் உங்களிடம் அழுது புலம்புவதற்காக எழுதவில்லை. எனக்கு வேறு வழியில்லை என்பதைச் சொல்லத்தான். அந்தப் புது அடுக்குமாடிக் கட்டடத்துக்கு முந்நூறு தொட்டிகள் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஆறு மாதமாக வீட்டுப் பின்பக்கத்தில் நிழல்வலை கட்டி வளர்த்த செடிகள். தேதி தவறினால் வேறு பண்ணைக்குப் போய்விடுவார்கள்; அதை அவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வாடகை வண்டி வைத்தால் எத்தனை நடை போக வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கிடைக்கிற லாபம் முழுக்க வண்டிக்காரருக்குப் போய்விடும்.

ஆகவே பழுது பார்க்க வேண்டும். உங்கள் பாதி எப்போது வரும் என்று எழுதுங்கள். வண்டி ஒர்க்ஷாப்புக்கு உள்ளே நிற்கிறது. கடிதப் பெட்டி மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது.

இன்ஜெக்டருக்கு என் பாதி இத்துடன்.

கப்பில் நீங்கள் காப்பாற்றி வைத்திருப்பது களை. இருந்தாலும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செடிக்காரி


மார்ச் 16, சனி

செடிக்காரிக்கு,

களை என்றால் களை. அதற்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா.

முப்பத்தெட்டாயிரம் என்றதும் வண்டியைப் பார்க்க வந்தேன். கதவை மூடினால் கைப்பிடி கையோடு வருகிறது. பின்கதவைக் கயிறுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் வயிற்றுக்குள் புது பம்ப் வைப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்து க்ளட்ச் போகும், அதற்கடுத்து ரேடியேட்டர். மெக்கானிக்கின் வீட்டு மாடியை நாம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

பழைய வண்டி வியாபாரி ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். ஒரு தடவை சுற்றிவந்து டயரை உதைத்துப் பார்த்தார். இவர்கள் ஏன்தான் டயரை உதைக்கிறார்களோ, நின்றுபோனது இன்ஜின். "இப்படியே எடுத்துக்கிறேன், ஐம்பது" என்றார். ஆளுக்கு இருபத்தைந்து. பழுது பார்த்து நாம் செலவழிப்பதற்குப் பதில், இது கைக்கு வருகிற பணம்.

வண்டி நம் இருவர் பெயரிலும் இருப்பதால் இரண்டு கையெழுத்து வேண்டும். விற்பனைத் தாளை டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. உன்னுடையது போட்டால் வியாபாரி திங்கட்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

உன் முந்நூறு தொட்டிக்கு எனக்குத் தெரிந்த ஒரு வாடகை வண்டிக்காரரிடம் பேசுகிறேன். எனக்காகக் குறைத்து வாங்குவார். நான் வேறொரு கண்ணாடிக்காரரோடு வண்டியைப் பகிர்ந்துகொள்வேன்.

இன்னொன்றும் யோசித்தேன். வண்டி போய்விட்டால் இந்தத் தாள் எழுதுகிற வேலையும் இருக்காது. வாரத்துக்கு இரண்டு முறை என் கோழிக்கிறுக்கலைப் படிக்கிற தொல்லை உனக்கு விடும். உனக்கும் நிம்மதி.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரன்


மார்ச் 20, புதன்

கண்ணாடிக்காரருக்கு,

கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தாளை எடுக்கத்தான் நேற்று ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் டேங்க்கை ஏற்கெனவே கீழே இறக்கியிருந்தார். விற்கிறோமா பழுது பார்க்கிறோமா என்று நாம் சொல்லும்வரை அவருக்குப் பொறுமை இல்லை. மேல்தகட்டைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்துவிட்டு, டார்ச்சை என் கையில் கொடுத்து, "உள்ள பாருங்கக்கா" என்றார்.

பார்த்தேன். டேங்க்கின் சுவரில் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சுற்றிலும் ஒரு கோடு. அளந்து போட்டது மாதிரி நேர்கோடு. கோட்டுக்குக் கீழே தகடு பளபளவென்று இருக்கிறது. கோட்டுக்கு மேலே முழுக்கத் துரு.

"இந்த டேங்க்கை யாராச்சும் எப்பயாச்சும் ரொப்பியிருக்கீங்களா?"

"தேவைக்குப் போடுவோம்ப்பா."

"யார் தேவைக்கு?"

அவர் பம்ப்பைக் கையில் உருட்டிக்கொண்டே விளக்கினார். இந்த பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கி இருந்தால்தான் சூடு அடங்குமாம். நாம் அதை இரண்டு வருஷமாக வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தது போல் ஓடவிட்டிருக்கிறோம். காலியாக இருக்கிற இடத்தில் ஈரக்காற்று புகுந்து துருப் பிடித்திருக்கிறது. பெட்ரோல் எட்டிய இடம் மட்டும் தப்பித்திருக்கிறது.

பிறகு அடியில் தங்கிய கசடை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி வெயிலில் வைத்தார். துருவோடு செம்மண் இருந்தது. அதோடு பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. விரலால் தொடப்போனேன். "தொடாதீங்கக்கா, கண்ணாடி" என்றார். பெட்ரோல் டேங்க்குக்குள் கண்ணாடித் தூள் எப்படி வரும் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை. சீட்டுக்குப் பின்னால் கோணிக்கு அடியில் ஒரு ரப்பர் குழாய் சுருட்டி வைத்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை நிறுத்தும் முன், மிச்சமிருக்கும் பெட்ரோலை நீங்கள் அதை வைத்துத்தான் உறிஞ்சி கேனில் எடுத்துக்கொள்கிறீர்கள். குழாயின் முனையில் உங்கள் பட்டறைத் தூள் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பெட்ரோல் எனக்குப் போய்விடக் கூடாதா? அரை லிட்டர் இருக்குமா அது?

கடைசியாக ஒன்று. "உனக்கும் நிம்மதி" என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுப் பின்பக்கத்தில் கண்ணாடி வைப்பதா செடி வைப்பதா என்று சண்டை வந்தபோதும் இதையே சொன்னீர்கள். "கொஞ்ச நாள் ஷெட்ல படுத்துக்கிறேன், உனக்கு நிம்மதியா இருக்கும்." இரண்டு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. என் நிம்மதியை என்னைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்வது இது இரண்டாவது தடவை.

விதியை மீறிவிட்டேன். மகளிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

தாளை அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செடிக்காரி


மார்ச் 25, திங்கள்

செடிக்காரிக்கு,

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் நம் இருவருக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

சனிக்கிழமையே எழுதியிருக்க வேண்டும். ஒரு தாள் எழுதிக் கிழித்தேன். நேற்று ஒர்க்ஷாப்புக்குப் போய் டேங்க்கை நானே பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கோடு இருக்கிறது. ஆனால் இரண்டு விரல் என்பது உன் விரல் கணக்கு. என் விரலுக்கு ஒன்றரைதான் வருகிறது.

ரப்பர் குழாய் என்னுடையதுதான். இல்லை என்று சொல்லமாட்டேன். நீ சொன்ன தூளும் என்னுடையதுதான். ஆனால் குழாயின் மறுமுனையை நீ பார்த்தாயா? அதில் செம்மண் அப்பியிருக்கிறது. காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்த மண். நான் கண்ணாடி வேலை செய்கிறவன், எனக்கு எங்கேயிருந்து செம்மண்? புதன்கிழமை சாயங்காலங்களில் அந்தக் குழாயை யார் எடுத்தார்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "இதுக்குள்ள என்னை இழுக்காதீங்கண்ணே" என்றார். தட்டில் இருந்த கசடை மட்டும் காட்டி, "பில்லைப் பாதி பாதி பிரிச்சுக்கிற மாதிரி இதையும் கரெக்டா பாதி பாதி போட்டிருக்கீங்க" என்றார்.

வெகுநேரம் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாளைக் கிழித்துவிட்டேன். இனிச் செலவைப் பார்ப்போம். முப்பத்தெட்டாயிரம் அப்படியே கொடுக்கத் தேவையில்லை. பம்ப் புதிதாகத்தான் வாங்க வேண்டும், அதில் சிக்கனம் கூடாது. டேங்க்குக்குப் பழைய சாமான் யார்டில் தேடினேன். இதே மாடல் வண்டி ஒன்று முன்பக்கம் நொறுங்கிக் கிடக்கிறது. டேங்க் உள்ளே துரு இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தேன், கையை விட்டும் பார்த்தேன். யார்டுக்காரன் மூவாயிரத்துக்குத் தருகிறான். கேஜ் முள்ளை அசைக்கிற மிதவையும் அதிலேயே இருக்கிறது. மெக்கானிக்கின் கூலிக்கு வேறு வழி பேசிவிட்டேன். அவர் ஆபீஸ் அறையின் ஜன்னல் மூன்றிலும் அட்டைதான் ஒட்டியிருக்கிறது. மூன்றுக்கும் கண்ணாடி போட்டுத் தருகிறேன், கூலி அதில் கழிந்தது. எல்லாம் சேர்த்து முன்பு சொன்னதில் பாதிக்கும் கீழே வரும். நீ பம்ப்பை மட்டும் பார்த்துக்கொள், மற்றது என்னுடையது. பாதி சரியாக வருகிறதா என்று பார்க்காதே.

உன் நிம்மதியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதிலைக் கிழித்த தாளில் எழுதியிருந்தேன். நன்றாக வரவில்லை.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரன்


மார்ச் 30, சனி

கண்ணாடிக்காரருக்கு,

குழாயின் மறுமுனையைப் பற்றி மேற்கொண்டு பேச்சு வேண்டாம். ஒப்புக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப்பை வாங்கிக் கொண்டுபோய் இன்று கொடுத்துவிட்டேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் பாதி விலையில் ஒன்றைக் காட்டினார். கையில் வாங்கிப் பார்த்தேன், பொம்மை மாதிரி எடையே இல்லை. வேண்டாம் என்றேன். "லேடீஸ் வந்தா கடை விசாரிச்சுட்டே போவாங்க" என்று உள்ளே இருந்தவரிடம் சொன்னார். திரும்பி வந்து, "அதுல ஒண்ணு உங்க வண்டியில போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

யார்டிலிருந்து டேங்க் வந்துவிட்டது. மெக்கானிக் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி இரண்டு முறை கழுவினார். சுத்தமாக இருக்கிறது. திங்கட்கிழமை மேலே ஏற்றுகிறார்.

அவர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் கண்ணாடி நன்றாக இருக்கிறது. அறை இவ்வளவு பெரியது என்பதே இப்போதுதான் தெரிகிறது. விளிம்பில் கை வைத்துவிட்டேன், காயாத புட்டிப் பசை விரலில் ஒட்டியது. "இப்பத்தான்க்கா போறாரு, ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகுது" என்றார் மெக்கானிக். ஒட்டின இடத்தில் என் விரல் பதிந்திருக்கிறது. நீங்கள் அடுத்த முறை போகும்போது சரிசெய்துவிடுங்கள்.

இனி என் கவலை எல்லாம் முந்நூறு தொட்டிதான். பின்தட்டில் உங்கள் இரும்புச் சட்டம் நட்டநடுவில் இருப்பதால் ஒரு நடைக்கு நாற்பதுக்கு மேல் ஏறாது. எட்டு நடை வரும். செவ்வாய் சாயங்காலம் வண்டி தயாரானாலும் எனக்கு புதன் ஒரு நாள்தான் இருக்கிறது. வியாழனும் வெள்ளியும் உங்கள் முறை. அந்த இரண்டு நாளை எனக்கு விட முடியுமா? அடுத்த வாரம் என் நாளில் இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செடிக்காரி


ஏப்ரல் 2, செவ்வாய்

செடிக்காரிக்கு,

வண்டி தயார். சாவியைத் திருப்பியதும் அந்த ரீங்காரம் வருகிறது. மெக்கானிக் காதை வைக்காமலேயே கேட்கிறது.

இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டேன். போல்ட் எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது, இரண்டை அறுத்துத்தான் எடுத்தேன். பின்தட்டு முழுக்கக் காலி. ஒரு நடைக்கு எண்பது ஏற்றலாம், நான்கு நடையில் முடித்துவிடுவாய். கனமான தொட்டியை முன்பக்கம் கேபினை ஒட்டி வை. மேம்பாலத்தில் இரண்டாவது கியரிலேயே போ.

இந்த வாரம் முழுவதும் வண்டி உனக்கே.

அடுத்த வாரமும். அதற்கு அடுத்ததும்.

டேஷ்போர்டு பெட்டியில் ஒரு தாள் இருக்கும். விற்பனைத் தாள் இல்லை, பயப்படாதே. என் பாதியை உன் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிற தாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீயும் போட்டு அலுவலகத்தில் கொடுத்தால் வண்டி முழுக்க உன்னுடையது. நான் நிறைய யோசித்தேன். ஒரு வண்டியை இரண்டு பேர் வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். ஒருவர் கையில் இருந்தால் அது ஒழுங்காக இருக்கும். எனக்கு வேறொரு கண்ணாடிக்காரரின் வண்டி கிடைத்துவிட்டது. ஷெட்டும் அவர் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன், இந்த மாதக் கடைசியில் மாறிவிடுவேன்.

நிம்மதி என்ற வார்த்தையை எழுதவில்லை, கவனித்தாயா?

டேங்க்கை நிரப்பியிருக்கிறேன். அது எவ்வளவு பிடிக்கும் என்பது இத்தனை வருஷத்தில் இப்போதுதான் தெரிந்தது. நான் நினைத்ததைவிட அதிகம்.

தொட்டிகள் பத்திரமாகப் போய்ச் சேரட்டும். முழங்காலைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரன்


ஏப்ரல் 7, ஞாயிறு

குட்டியின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு வண்டியில் கிடைக்காது. மெக்கானிக்கிடம் கொடுத்து அனுப்புகிறேன். "வண்டியே சரியாயிடுச்சு, இந்த லெட்டர் மட்டும் நிக்க மாட்டேங்குதேக்கா" என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் கொண்டுவந்து தருவார்.

முந்நூறு தொட்டியும் போய்ச் சேர்ந்தது. நான்கு நடைதான். மூன்று தொட்டியில் விளிம்பு உடைந்தது, அதற்கு மாற்றும் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி நடையில் அதே மேம்பாலத்தில் ஏறினேன், இரண்டாவது கியரில். ஒருமுறைகூட இருமவில்லை. கேஜ் முள் இப்போது அசைகிறது. ஏறும்போது கொஞ்சம் சாய்கிறது, இறங்கும்போது நிமிர்கிறது. அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இத்தனை நாள் அது ஓர் உயிருள்ள சாமான் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

நேற்று பங்க்குக்குப் போனேன். பங்க்காரருக்கு என்னைத் தெரியும். நாஸிலைக் கையில் எடுத்துக்கொண்டே, "வழக்கம்போலதானேம்மா?" என்றார். "ரொப்புங்க" என்றேன். "என்னது?" என்றார். "ரொப்புங்கண்ணே" என்றேன். பாதிக்கு மேல்தான் இருந்தது, ஆனாலும் நிரப்பினேன்.

உங்கள் தாளில் கையெழுத்துப் போடவில்லை. டேஷ்போர்டு பெட்டியின் மூடி ஓயாமல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதை நான்காக மடித்து மூடிக்கு அடியில் செருகிவிட்டேன். இப்போது சத்தம் இல்லை.

இரண்டு பேர் வைத்துக்கொண்டதால்தான் வண்டி கெட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். டேங்க்கை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள், விரல் வைத்து அளந்தும் பார்த்தீர்கள். எதனால் கெட்டது என்று மெக்கானிக்கை இன்னொரு தடவை கேளுங்கள்.

புது ஷெட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கப் பாருங்கள். பின்பக்கத்தில் தொட்டிகள் போனதில் நிறைய இடம் இருக்கிறது. மேற்குச் சுவரில் நான் நிழல்வலை கட்டவே இல்லை. அங்கே வெயில் அதிகம், செடிக்கு ஆகாது. கண்ணாடிக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறேன். உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த வாரம் உங்கள் நாளை நான் எடுத்துக்கொண்டேன். அதனால் நாளை முதல் வண்டி உங்களுக்கு. ஒர்க்ஷாப் சுவரோரம் தேட வேண்டாம், அங்கே இருக்காது. வீட்டு வாசலில் நிற்கிறது. சாவி பழைய ஆணியில் இருக்கிறது. இரும்புச் சட்டத்தைக் கொண்டுவாருங்கள், பின்தட்டில் மாட்டிக்கொள்ளலாம். இந்த முறை கழற்றி மாட்டுகிற மாதிரி போல்ட் போடுங்கள். தொட்டி ஏற்றுகிற நாளில் கழற்றிக் கொடுத்தால் போதும்.

களை இரண்டு இலை விட்டிருக்கிறது. கப்பிலிருந்து தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.

சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது பெட்ரோல் நிரப்ப வேண்டாம். எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ இருக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து